எஸ்டி கார்டா, இஎம்எம்சியா, நெட்வொர்க்கா: போர்டில் லினக்ஸை எங்கே வைப்பது?

புது டெவலப்மென்ட் போர்டு கைக்கு வந்ததும் பெரும்பாலும் ஒரே கதைதான். இமேஜை இறக்குகிறோம், எஸ்டி கார்டில் எழுதுகிறோம், செருகிப் பவர் கொடுக்கிறோம். எல்இடி மினுக்குகிறது, லாகின் கேட்கிறது. சரி, லினக்ஸ் வந்துவிட்டது என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் அதே கார்டு, அதே வழி. டிரைவரில் ஒரு வரி மாற்றினால் பவரை நிறுத்தி, கார்டைக் கழற்றி, கணினியில் செருகி, கெர்னலை நகலெடுத்து, மறுபடி போர்டில் செருகி... ஒரு நாளில் இருபது தடவை இப்படிச் செய்திருக்கிறேன். கார்டு கழன்று வரும் அந்த ஸ்பிரிங் சத்தம் தூக்கத்தில்கூடக் கேட்கும்.

எஸ்டி கார்டு ஒன்றும் கெட்ட வழி இல்லை. ஆனால் அதை யாரும் யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. முதல் நாள் பழக்கமாக வந்து அப்படியே ஒட்டிக்கொள்கிறது. எஸ்டி கார்டு, போர்டிலேயே இருக்கும் ஃபிளாஷ் சேமிப்புச் சிப்பான இஎம்எம்சி, நெட்வொர்க் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த வேலைக்கு எது என்பது தெளிவாகிவிடும்.

ஒரு கேள்வி அல்ல, மூன்று

"எங்கிருந்து பூட் செய்வது?" என்று ஒரே கேள்வியாகக் கேட்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. போர்டில் லினக்ஸ் எழுந்து நிற்பது ஒரு தொடர் ஓட்டம். சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் பூட் ரோம் முதலில் ஓடுகிறது. அதை நம்மால் மாற்ற முடியாது. சில பின்களின் நிலையையோ, உள்ளே எரித்து வைத்த ஃப்யூஸ்களையோ பார்த்து, எந்தச் சாதனத்தில் தேடுவது என்று அது முடிவு செய்கிறது. அந்த நேரத்தில் டிடிஆர் மெமரி இன்னும் உயிர்பெறவில்லை. அதனால் சிப்புக்குள் இருக்கும் சின்ன எஸ்ரேமில் அடங்கும் நிரலைத்தான் பூட் ரோமால் ஏற்ற முடியும். பீகிள்போன் பிளாக்கில் இருக்கும் ஏஎம்335எக்ஸ் சிப்பில் அதற்குக் கிடைக்கும் இடம் 109 கேபி. எஸ்பிஎல் எனப்படும் அந்தக் குட்டி நிரல் டிடிஆரைத் தயார் செய்து, யு-பூட் என்ற முழு பூட்லோடரை ஏற்றுகிறது. யு-பூட் கெர்னலையும், போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பையும் மெமரியில் வைத்து ஓட்டத்தைக் கைமாற்றுகிறது. நிரல்களும் கோப்புகளும் இருக்கும் ரூட் ஃபைல்சிஸ்டத்தைக் கெர்னல் தேடி மவுண்ட் செய்கிறது. நமக்குத் தெரிந்த லினக்ஸ் அதற்கு அப்புறம்தான்.

இத்தனை கை மாறுகிறது என்றால், எல்லாம் ஒரே இடத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பூட்லோடர் இஎம்எம்சியில், கெர்னல் கணினியில், ரூட் ஃபைல்சிஸ்டம் எஸ்டி கார்டில் என்று மூன்றையும் மூன்று இடத்தில் வைத்தும் போர்டை எழுப்பலாம். ஆகவே கேள்விகள் மூன்று: பூட்லோடர் எங்கே, கெர்னல் எங்கே, ரூட் ஃபைல்சிஸ்டம் எங்கே? இவற்றுக்குப் பதில் சொல்ல ஒரே ஒரு அளவுகோல் போதும்: இந்த மூன்றில் எதை, ஒரு நாளில் எத்தனை முறை மாற்றப் போகிறீர்கள்? போர்டின் விளம்பரத் தாளில் இருக்கும் வேக எண்களெல்லாம் அதற்குப் பிறகு.

எதற்கும் முன்னால் சீரியல் கேபிள்

எந்த வழியைப் பிடித்தாலும் போர்டு பேசுவதைக் கணினியில் எழுத்தாகக் காட்டும் சீரியல் கன்சோலை முதலில் இணையுங்கள். எச்டிஎம்ஐ திரையில் ஏதாவது தெரியும் என்று காத்திருந்தால், கெர்னல் எழுந்த பிறகுதான் தெரியும். பிரச்சினை பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே நடந்து முடிந்திருக்கும். மூன்று கம்பி போதும்: கிரவுண்ட், டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (பெறுவது). கடைசி இரண்டும் குறுக்காகப் போக வேண்டும். நாலாவதாக இருக்கும் பவர் கம்பியைத் தொட வேண்டாம். கணினிப் பக்கம் இருக்கும் யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் 3.3 வோல்ட் வகைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 5 வோல்ட் சிக்னல் கொடுத்தால் பின் போய்விடக்கூடும். வேகம் பெரும்பாலான போர்டுகளில் 115200. ராக்சிப் சிப்புள்ள போர்டுகளில் பொதுவாக 15,00,000. திரையில் கிறுக்கலாக எழுத்து வந்தால் போர்டு கெட்டுவிட்டது என்று பதறாமல் இந்த எண்ணைச் சரிபாருங்கள்.

எஸ்டி கார்டு

இதன் பெரிய பலம், போர்டைக் கொல்ல முடியாது என்பது. எதை எழுதிக் கெடுத்தாலும் கார்டைக் கழற்றிக் கணினியில் சரிசெய்யலாம். இரண்டு கார்டு வைத்திருந்தால் ஒன்று எப்போதும் நல்ல நிலையில் இருக்கும். போர்டு பற்றி இன்னும் எதுவும் தெரியாத முதல் வாரத்துக்கு இதைவிட நிம்மதியான வழி இல்லை.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஓடுகிற கார்டிலிருந்து கோப்புகளையெல்லாம் வேறொரு கார்டுக்கு நகலெடுப்பார்கள். அது பூட் ஆகாது. ஏனென்றால் நிறைய சிப்புகளில் பூட்லோடர் ஒரு கோப்பாகவே இருப்பதில்லை. பார்ட்டிஷன்கள் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் காலி இடத்தில், பூட் ரோமுக்குத் தெரிந்த ஒரு குறிப்பிட்ட தூரத்தில் அது எழுதப்பட்டிருக்கும். ஆல்வின்னர் சிப்புகளில் 8 கேபி தள்ளி. ஐ.எம்எக்ஸ்6 சிப்பில் 1 கேபி தள்ளி. ராக்சிப்பில் முதல் கட்டம் 64ஆம் செக்டரில், அதாவது 32 கேபி தள்ளி. யு-பூட் 16384ஆம் செக்டரில், 8 எம்பி தள்ளி. ராஸ்பெரி பை இதற்கெல்லாம் விதிவிலக்கு: அது ஃபேட் பார்ட்டிஷனில் இருக்கும் சாதாரணக் கோப்புகளைப் படிக்கும். அதில் பழகிவிட்டு வேறு போர்டுக்குப் போகிறவர்கள்தான் இந்த இடத்தில் அதிகம் விழுகிறார்கள்.

இதில் இன்னொரு கண்ணி. ஆல்வின்னர் கார்டில் ஜிபிடி பார்ட்டிஷன் டேபிள் போட்டால், அந்த டேபிள் வழக்கமாகக் கார்டின் முதல் 17 கேபியைப் பிடித்துக்கொள்ளும். எஸ்பிஎல் உட்கார வேண்டிய 8 கேபி இடம் அதற்குள்தான் இருக்கிறது. ஒன்றை எழுதினால் மற்றது அழியும். பழைய எம்பிஆர் டேபிள் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. இதை நான் தெரிந்துகொள்ள ஒரு முழுச் சனிக்கிழமை போனது.

டிடி கட்டளையால் இமேஜ் எழுதும்போது கார்டின் பெயரை லிஸ்ட் எடுத்துப் பார்த்து, கார்டைக் கழற்றி மறுபடி லிஸ்ட் எடுத்து, எது காணாமல் போனது என்று உறுதி செய்துவிட்டு எழுதுங்கள். கணினியின் ஹார்டு டிஸ்க்கின் மேல் 8 ஜிபி இமேஜ் எழுதிய மனிதரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

குறை எங்கே? முதலில் கழற்றி மாட்டும் நேரம். ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் இருபது தடவைக்கு நாற்பது நிமிடம். கூடவே யோசனையும் அறுந்துவிடும். அடுத்தது, பவர் திடீரென்று போகும் இடங்களில் கார்டை நம்ப முடியாது. இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தில் ஜர்னல் இருக்கிறதே என்பார்கள். ஜர்னல் காப்பாற்றுவது ஃபைல்சிஸ்டத்தின் கணக்கை. கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் பிளாக்குகளை இடம் மாற்றிக்கொண்டிருக்கும்போது பவர் போனால், நாம் தொடாத தரவுகூடக் கெடலாம். மேலே இருக்கும் ஜர்னலுக்கு அது தெரியவே தெரியாது. எஸ்டி கார்டில்தான் ஓட்டியாக வேண்டும் என்றால் ரூட்டைப் படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்து, மாறுகிற கோப்புகளை ரேமில் இருக்கும் டிஎம்பிஎஃப்எஸ்ஸில் வைப்பது ஓரளவு காப்பாற்றும்.

இஎம்எம்சி

அடிப்படையில் இதுவும் எஸ்டி கார்டின் உறவுக்காரன்தான். லினக்ஸில் இரண்டுக்கும் சாதனப் பெயர்கூட ஒரே மாதிரி வரும். வித்தியாசம், இது போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும், எஸ்டிக்கு 4 டேட்டா கம்பி என்றால் இதற்கு 8. எச்எஸ்200 முறையில் இஎம்எம்சியின் உச்சம் நொடிக்கு 200 எம்பி, எச்எஸ்400 என்றால் 400. யுஎச்எஸ்-1 வகை எஸ்டியின் உச்சம் 104. நடைமுறையில் இந்த எண்களைத் தொடுவது அபூர்வம். ஆனால் சின்னச் சின்னக் கோப்புகளைப் படித்து எழுதும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

எனக்கு இதில் பிடித்தது வேகம் அல்ல, பூட் பார்ட்டிஷன்கள். இஎம்எம்சிக்குள் பயனர் பகுதியைத் தவிர பூட்0, பூட்1 என்று இரண்டு தனிப் பகுதிகள் வன்பொருளிலேயே உண்டு. அங்கே தேடத் தெரிந்த பூட் ரோம் உள்ள சிப்பில் பூட்லோடரை அங்கே வைத்துவிட்டால், பயனர் பகுதியை எப்படிப் புரட்டிப் போட்டாலும் போர்டு யு-பூட் வரை எழுந்துவிடும். லினக்ஸ் இவற்றைப் படிக்க மட்டும் என்று பூட்டியே காட்டும்; எழுத வேண்டுமென்றால் சிஸ்எஃப்எஸ்ஸில் ஃபோர்ஸ்_ஆர்ஓ என்ற கோப்பில் 0 எழுதித் திறக்க வேண்டும். இரண்டு பகுதி இருப்பதால், ஒன்றில் பழைய பூட்லோடரை விட்டுவைத்து மற்றதில் புதியதைப் போடலாம். இஎம்எம்சியின் அமைப்புகளை மாற்றும் எம்எம்சி-யுடில்ஸ் கருவியில் கை வைக்கும்போது மட்டும் கவனம்: சில அமைப்புகளை ஒரே ஒரு முறைதான் எழுத முடியும், திரும்பப் பெற முடியாது.

எழுதுவது எப்படி? கார்டைப் போலக் கழற்ற முடியாதே. மூன்று வழி உண்டு. எஸ்டி கார்டில் லினக்ஸை எழுப்பி, அங்கிருந்து இஎம்எம்சிக்கு இமேஜை எழுதுவது முதல் வழி. பூட் ரோமின் யுஎஸ்பி முறையைப் பிடிப்பது இரண்டாவது: ஆல்வின்னரில் ஃபெல், ராக்சிப்பில் மாஸ்க்ரோம், ஐ.எம்எக்ஸில் சீரியல் டவுன்லோட் என்று ஒவ்வொருவரும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கான கருவியும் ஒவ்வொன்றுக்கும் வேறு. மூன்றாவதுதான் நான் அதிகம் பயன்படுத்துவது. யு-பூட்டில் யுஎம்எஸ் என்ற கட்டளை இருந்தால், போர்டின் இஎம்எம்சி மொத்தமும் யுஎஸ்பி கேபிள் வழியாகக் கணினியில் ஒரு பென் டிரைவ் போலத் தோன்றும். அப்புறம் கார்டில் எழுதுவது போலவே எழுத வேண்டியதுதான்.

இஎம்எம்சி இருக்கும் போர்டில் எஸ்டி கார்டையும் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பீகிள்போன் பிளாக் வழக்கமாக முதலில் இஎம்எம்சியில்தான் தேடும். கார்டில் புது இமேஜ் எழுதிச் செருகினால், இஎம்எம்சியில் இருக்கும் பழைய யு-பூட் எழுந்து, கார்டில் இருக்கும் புதுக் கெர்னலை ஏற்றப் பார்க்கும். சில நேரம் ஓடும். சில நேரம் டிவைஸ் ட்ரீ பொருந்தாமல் பாதியில் நிற்கும். கார்டிலிருந்தே எல்லாம் வர வேண்டும் என்றால் எஸ்2 பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பவர் கொடுக்க வேண்டும். ரீசெட் அழுத்துவது போதாது. பூட் பின்களின் நிலை பவர் வரும்போது மட்டும்தான் படிக்கப்படுகிறது. "கார்டை மாற்றினேன், ஆனால் எதுவும் மாறவில்லை" என்ற புலம்பலில் பாதி இதுதான்.

குறை என்றால், தேய்ந்துபோனால் போர்டோடு போயிற்று. லாக் கோப்புகளை ராப்பகலாக எழுதித் தள்ளும் நிரலை வளர்ச்சிக் காலத்தில் இஎம்எம்சியில் ஓட்டாதீர்கள். சில போர்டுகளில் இஎம்எம்சி தனி மாட்யூலாகச் செருகும்படி வருகிறது; அது கிடைத்தால் பாதிக் கவலை தீரும்.

நெட்வொர்க்

கெர்னலிலோ டிரைவரிலோ வேலை செய்கிறவர் என்றால் இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். யு-பூட் மட்டும் போர்டில் இருக்கும். பவர் கொடுத்ததும் அது டிஎச்சிபி வழியாக முகவரி வாங்கி, உங்கள் கணினியில் ஓடும் டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு சர்வரிலிருந்து கெர்னலையும் டிவைஸ் ட்ரீயையும் இழுத்துக்கொள்ளும். கெர்னல் எழுந்து, கணினியிலேயே இருக்கும் ஒரு டைரக்டரியை, நெட்வொர்க்கில் டைரக்டரியைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாக ரூட் ஃபைல்சிஸ்டமாக மவுண்ட் செய்யும். போர்டில் லினக்ஸ் இருப்பது போலத் தெரியும். உண்மையில் எல்லாம் உங்கள் கணினியில் இருக்கிறது.

இதன் பலன் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். கெர்னலைக் கம்பைல் செய்து டிஎஃப்டிபி டைரக்டரியில் நகலெடுத்தால் முடிந்தது. போர்டை ரீசெட் செய்தால் புதுக் கெர்னல். பயனர் நிரலை மாற்றினால் ரீசெட்கூட வேண்டாம்: கணினியில் கோப்பை மாற்றியதும் போர்டில் மாறிவிடுகிறது. போர்டு தொங்கிப்போனாலும் அதன் லாக் கோப்புகளைக் கணினியில் சாவகாசமாகத் திறந்து படிக்கலாம். எஸ்டி கார்டில் நாற்பது நிமிடம் தின்ற அதே இருபது மாற்றம், இங்கே இருபது ரீசெட்.

செலவு முழுவதும் முதல் நாளில். சில இடங்களில் எல்லாருக்கும் அடி விழும், அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

போர்டில் ஈதர்நெட் இருக்க வேண்டும், அதற்கான டிரைவர் யு-பூட்டில் இருக்க வேண்டும். யு-பூட்டில் வைஃபை வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கெர்னலில் ஈதர்நெட் டிரைவர் மாட்யூலாக (தனிக் கோப்பாக) இல்லாமல் உள்ளேயே சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். மாட்யூல் இருப்பது ரூட் ஃபைல்சிஸ்டத்தில். ரூட் ஃபைல்சிஸ்டம் இருப்பது நெட்வொர்க்கின் மறுமுனையில். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை. கெர்னல் தானே முகவரி வாங்கும் வசதியும், என்எஃப்எஸ்ஸில் ரூட் வைக்கும் வசதியும் கான்ஃபிக்கில் இயக்கப்பட்டிருக்க வேண்டும்.

யு-பூட் கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்பு வரியான பூட்ஆர்க்ஸில் என்எஃப்எஸ் பாதைக்குப் பின்னால் பதிப்பு 3, டிசிபி என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பல கெர்னல்கள் பதிப்பு 2-ஐக் கேட்கும். இன்றைய சர்வர்கள் அதைக் கைவிட்டுவிட்டன. சர்வர் பக்கம், எதைப் பகிர்வது என்று சொல்லும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் நோ_ரூட்_ஸ்குவாஷ் என்று எழுதி, ரூட் பயனரை நசுக்கும் வழக்கமான அமைப்பை முடக்க வேண்டும். அது இருந்தால் போர்டின் ரூட் பயனர் உங்கள் கணினியில் ஒரு நாதியற்ற பயனராக மாறி, எதையும் எழுத முடியாமல் தவிப்பார்.

ஃபயர்வால். டிஎஃப்டிபி முதல் கோரிக்கையை யுடிபி 69ஆம் போர்ட்டில் அனுப்பும். பதில் வேறொரு போர்ட்டிலிருந்து வரும். 69-ஐ மட்டும் திறந்துவிட்டு "ஏன் வரவில்லை" என்று பார்த்துக்கொண்டிருப்பது வழக்கமான காட்சி. அதன் வேகமும் அப்படித்தான்: ஒரு துண்டு அனுப்பி, அதற்கு ஒப்புதல் வந்த பிறகே அடுத்த துண்டு. 512 பைட் துண்டாக என்றால் 10 எம்பி கெர்னலுக்கு 20,480 சுற்று. இப்போதைய யு-பூட் 1468 பைட் துண்டு கேட்பதால் சுமார் 7,100 சுற்றில் முடிகிறது. ஒரே அறையில் இருக்கும் கேபிளில் இது ஒன்றும் தெரியாது.

அலுவலக நெட்வொர்க்கில் சொந்தமாக டிஎச்சிபி சர்வர் ஓட்டி மாட்டிக்கொள்ள வேண்டாம். கணினிக்கு ஒரு யுஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் வாங்கி, போர்டுக்கு நேரடியாக ஒரு கேபிள் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒற்றைக் கம்பியில் நீங்கள்தான் ராஜா.

கடைசியாக, என்னை அதிகம் அலைக்கழித்தது. எல்லாம் சரியாக எழும், லாகின் வருவதற்கு நாலைந்து நொடி முன்னால் போர்டு அப்படியே உறையும். எந்தப் பிழையும் இல்லை. காரணம், டெபியன் போன்ற முழு டிஸ்ட்ரோவில் இருக்கும் நெட்வொர்க்மேனேஜரோ டிஎச்சிபி கிளையன்ட்டோ எழுந்ததும் ஈதர்நெட்டைத் தன் பாணியில் புதிதாக அமைக்கப் பார்க்கிறது. ஒரு கணம் இன்டர்ஃபேஸ் கீழே இறங்குகிறது. ரூட் ஃபைல்சிஸ்டமே அந்தக் கம்பியில்தான் இருக்கிறது, பிறகு எதைப் படித்து அதை மறுபடி எழுப்புவது? அந்த இன்டர்ஃபேஸைத் தொடாதே என்று அமைப்பில் ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

நெட்வொர்க் பூட்டில் ஓட்டுவதை வைத்து எதையெல்லாம் முடிவு செய்யக் கூடாது என்பதும் முக்கியம். பூட் நேரத்தை இதில் அளக்காதீர்கள். சேமிப்பு வேகத்தையும் அளக்காதீர்கள். கன்டெய்னர் ஓட்டுகிறவர்கள் கவனிக்க: ஓவர்லேஎஃப்எஸ்ஸின் எழுதும் அடுக்கை என்எஃப்எஸ்ஸில் வைக்க முடியாது, டாக்கர் முரண்டு பிடிக்கும்.

மற்ற இரண்டு

யுஎஸ்பி டிஸ்க்கும் என்விஎம்இயும் வேகத்துக்காகக் கவர்ச்சியாகத் தெரியும். ராஸ்பெரி பை 4இல் பூட் வரிசை ஒரு எண்ணாக இஇபிரோம் என்ற குட்டி மெமரிச் சிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த எண்ணை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்: 1 எஸ்டி, 2 நெட்வொர்க், 4 யுஎஸ்பி, 6 என்விஎம்இ. பை 5இல் என்விஎம்இயிலிருந்து நேரடியாக எழலாம். மற்ற சிப்புகளின் பூட் ரோம்களுக்குப் பெரும்பாலும் என்விஎம்இ என்றால் என்னவென்றே தெரியாது. அங்கே பூட்லோடரை எஸ்பிஐ ஃபிளாஷிலோ இஎம்எம்சியிலோ வைத்துவிட்டு, மீதியை என்விஎம்இயில் வைக்க வேண்டும். தரவு நிறையக் கையாளும் போர்டு என்றால் சரி. இல்லையென்றால் இதற்காக மெனக்கெட வேண்டாம்.

உள்ளே எதைப் போடுவது

இடம் முடிவானால் சரக்கும் முடிவாக வேண்டும். இங்கேயும் அதே அளவுகோல்தான். தயாராகக் கிடைக்கும் டெபியன் வகை இமேஜ் என்றால் ஆப்ட்டில் எதையும் நிறுவலாம். கற்றுக்கொள்ளவும், பயனர் நிரல் எழுதவும் இது போதும். சொந்தப் போர்டு அல்லது சின்ன இமேஜ் என்றால், வேண்டியதை மட்டும் சேர்த்து இமேஜ் கட்டித் தரும் பில்ட்ரூட். மெனுவில் டிக் செய்தால், அடிப்படைக் கட்டளைகளை ஒரே நிரலில் தரும் பிஸிபாக்ஸோடு சில எம்பியில் அடங்கும் ஒரு ரூட் ஃபைல்சிஸ்டம் கையில் கிடைக்கும். போர்டில் பேக்கேஜ் மேனேஜர் இருக்காது. எதைச் சேர்க்க வேண்டுமானாலும் கணினியில் மறுபடி கட்ட வேண்டும். யாக்டோ அதைவிடப் பெரிய ஆலை. முதல் பில்டுக்கு மணிக்கணக்கும் பல பத்து ஜிபி டிஸ்க்கும் கேட்கும். லேயர்கள் பிடிபட வாரங்கள் ஆகும். பல போர்டுகள், பல தயாரிப்புகள், பல வருடப் பராமரிப்பு என்று இருக்கும் குழுவுக்கு அந்த உழைப்பு திரும்பக் கிடைக்கும். ஒற்றை ஆள், ஒற்றைப் போர்டு என்றால் பில்ட்ரூட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன்.

பில்ட்ரூட்டுக்கும் நெட்வொர்க் பூட்டுக்கும் நல்ல பொருத்தம். அது தரும் டார் கோப்பை என்எஃப்எஸ் டைரக்டரியில் விரித்தால் வேலை முடிந்தது. ரூட் உரிமையோடு விரிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கோப்புகளின் உரிமையாளர் எல்லாம் நீங்களாகிவிடுவீர்கள். இன்னும் சுருக்கமாக வேண்டுமென்றால் அதையே இனிட்ராம்எஃப்எஸ்ஸாகக் கெர்னலுக்குள் சேர்த்துவிடலாம். ஒரே கோப்பு, அதை ரேமில் ஏற்றினால் முழு லினக்ஸ். எந்தச் சேமிப்பும் வேண்டாம். புது வன்பொருளில் எஸ்டி டிரைவரே இன்னும் ஓடாத நிலையில், முதல் ஷெல்லைப் பார்க்க இதுதான் குறுக்கு வழி.

எழாமல் போனால்

கெர்னல் எழுந்து, ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று பேனிக் ஆவது (மேலே போக முடியாமல் நின்றுவிடுவது) மூன்று வழியிலும் வரும். அந்தச் செய்தியில் அன்நோன்-பிளாக் என்ற சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குள் இரண்டு எண் இருக்கும்; பலர் அதைப் பார்ப்பதே இல்லை. 0,0 என்றால் நீங்கள் சொன்ன சாதனமே கிடைக்கவில்லை: டிரைவர் இல்லை, அல்லது பெயர் தவறு, அல்லது கார்டு தயாராகும்வரை காத்திருக்கச் சொல்லும் ரூட்வெயிட்டை பூட்ஆர்க்ஸில் விட்டுவிட்டீர்கள். 179,2 போல வந்தால் சாதனம் கிடைத்துவிட்டது. 179 எம்எம்சிக்கான எண். பார்ட்டிஷனில் இருக்கும் ஃபைல்சிஸ்டத்தைத்தான் படிக்க முடியவில்லை. 0,255 என்றால் என்எஃப்எஸ் ரூட் தோற்றிருக்கிறது. கேபிளையும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பையும் பாருங்கள்.

எஸ்டி, இஎம்எம்சி இரண்டும் இருக்கும் போர்டில் சாதனப் பெயரில் எது 0, எது 1 என்பது கெர்னல் பதிப்பைப் பொறுத்து இடம் மாறலாம். ரூட்டைச் சாதனப் பெயரால் சொல்லாமல், பார்ட்டிஷனின் அடையாள எண்ணான பார்ட்யுயுஐடியால் சொல்வது பாதுகாப்பு. ஃபைல்சிஸ்டத்தின் யுயுஐடி வேறு, இது வேறு: யுயுஐடியைக் கண்டுபிடிக்க இனிட்ராம்எஃப்எஸ் வேண்டும், பார்ட்யுயுஐடியைக் கெர்னலே தெரிந்துகொள்ளும்.

என் தேர்வு

பைத்தான் எழுதிப் பழக ஒரு போர்டு வாங்கியிருக்கிறீர்கள் என்றால் எஸ்டி கார்டிலேயே இருங்கள். மேலே சொன்ன நெட்வொர்க் வேலை உங்களுக்கு வீண்.

டிரைவர், கெர்னல், டிவைஸ் ட்ரீ என்று வேலை என்றால் இரண்டாவது வாரத்திலேயே நெட்வொர்க்குக்கு மாறுங்கள். ஒரு நாள் போகும், அந்த வாரத்துக்குள்ளேயே திரும்பக் கிடைத்துவிடும். போர்டில் ஈதர்நெட் இல்லையா? யுஎம்எஸ் வழியாக இஎம்எம்சியில் கெர்னலை மாற்றுவது அதற்கு அடுத்த நல்ல வழி.

வாடிக்கையாளரிடம் போகும் பொருள் என்றால் இஎம்எம்சி, அதில் ஏ, பி என்று இரண்டு ரூட் பார்ட்டிஷன். ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாமல் மற்றதில் புதியதை எழுதி, அது சரியாக எழாவிட்டால் யு-பூட் பழையதுக்கே திரும்ப வேண்டும். இதை நீங்களே ஸ்கிரிப்ட் எழுதிச் செய்யாதீர்கள். ரௌக், எஸ்டபிள்யுஅப்டேட், மெண்டர் என்று இதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. பவர் போகும் கணத்தில் என்ன ஆகும் என்பதையெல்லாம் அவற்றை எழுதியவர்கள் யோசித்திருக்கிறார்கள். அனுப்புவதற்கு முன் நெட்வொர்க் பூட் கட்டளைகளை யு-பூட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அதே கேபிளில் யார் வேண்டுமானாலும் தன் கெர்னலை உங்கள் பொருளுக்குள் ஏற்றலாம். விசையை அழுத்தி ஆட்டோபூட்டை நிறுத்த யு-பூட் தரும் சில நொடி அவகாசத்தையும் அப்படியே எடுத்துவிடுங்கள்.

என் மேசையில் இப்போது இருக்கும் போர்டில் யு-பூட் இஎம்எம்சியின் பூட்0-இல் இருக்கிறது. பவர் கொடுத்தால் முதலில் டிஎஃப்டிபியில் கெர்னல் கேட்கும். கணினி அணைந்திருந்தால் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, இஎம்எம்சியில் இருக்கும், எப்போதோ ஒழுங்காக ஓடிய பழைய இமேஜுக்குப் போய்விடும். ஸ்பிரிங் சத்தம் தந்த அந்த எஸ்டி கார்டு, "அவசரத்துக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டிய உறையில் சீரியல் கேபிளோடு சேர்த்துக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. போன மாதம் பூட்0-இல் தவறான கோப்பை எழுதிவிட்டு, அந்த உறையைத்தான் தேடினேன்.